"இது மிரட்டல் அல்ல": கிங்கின் சிறைக் கடிதம் யாரிடம் பேசுகிறது?

கேள்வி (ஜூன் 3)

அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரச் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தை இப்போதுதான் முழுசாகப் படித்தேன். நடை அழகு, மறுக்கவில்லை. ஆனால் அடிக்கிறவனின் மனசாட்சியிடம் கெஞ்சுவதைத் தவிர இதில் என்ன இருக்கிறது? மனசாட்சி இருந்தால் அவன் ஏன் அடிக்கப் போகிறான்? அகிம்சைக்காக எழுதப்படும் எல்லாமே இந்த ஒரு நம்பிக்கையில்தான் நிற்கிறது என்று எனக்குப் படுகிறது. இல்லை என்பவர்கள் விளக்கவும்.

ஜூன் 3, இரவு

இல்லை என்கிறேன். முதலில் கடிதம் யார் பெயருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள்.

1963இல் பர்மிங்ஹாமில் அடிக்கிற ஆள் என்றால் யூஜின் கானர். 'புல்' என்பது பட்டப்பெயர். போலீஸ், தீயணைப்பு இரண்டும் அவர் கையில். கிங் அவருக்கு எழுதவில்லை. இனப் பிரிவினை இன்றும் நாளையும் என்றென்றும் என்று அந்த ஜனவரியில் பதவியேற்பு உரையில் முழங்கிய அலபாமா கவர்னர் வாலஸுக்கும் எழுதவில்லை. எட்டு வெள்ளை மதகுருக்களுக்கு எழுதினார். ஏழு பேர் கிறிஸ்தவர்கள், ஒருவர் யூத ரபி. கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அதே ஜனவரியில், நீதிமன்றம் சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று வெள்ளையர்களுக்குப் புத்தி சொல்லி அறிக்கை விட்டவர்களில் இவர்களும் உண்டு. ஏப்ரல் 12 அன்று இன்னொரு அறிக்கை விட்டார்கள். ஆர்ப்பாட்டங்கள் விவேகமற்றவை, நேரம் சரியில்லை, வெளியூர்க்காரர்கள் பின்னால் இருக்கிறார்கள், குறை இருந்தால் கோர்ட்டுக்குப் போகட்டும், தெருவுக்கு வர வேண்டாம். அதே நாள், புனித வெள்ளியன்று, கிங் கைதானார்.

"கோரிக்கை நியாயம்தான், வழிமுறைதான் சரியில்லை." நம் பத்திரிகைத் தலையங்கங்களிலும் கேட்ட பாட்டுதானே? கிங் இந்தப் பாட்டுக்குத்தான் பதில் எழுதினார். அடிக்கிறவனைத் திருத்துவது அந்தக் கடிதத்தின் வேலையே இல்லை. ஓரமாக நின்று "ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கப்பா" என்கிறவரை அந்த ஓரத்தில் நிற்க விடாமல் செய்வதுதான் வேலை. வெள்ளை இனவெறிக் கும்பலான கூ க்ளக்ஸ் க்ளானைவிட, நீதியைக் காட்டிலும் ஒழுங்கை விரும்புகிற மிதவாத வெள்ளையர்தான் பெரிய தடை என்று அவரே எழுதுகிறார். இதைக் கெஞ்சல் என்றால் கெஞ்சலுக்கு என்ன இலக்கணம் வைத்திருக்கிறீர்கள்?

ஜூன் 4, காலை

"சிறையில் அவருக்கு அவ்வளவு புத்தகம் எங்கிருந்து கிடைத்தது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கிடைக்கவில்லை. எல்லாம் நினைவிலிருந்து. அறிக்கை வந்திருந்த செய்தித்தாளின் ஓரத்திலேயே பதிலை எழுத ஆரம்பித்தார். பிறகு ஒரு கறுப்பினக் கைதி கொண்டுவந்து கொடுத்த துண்டுக் காகிதங்கள், கடைசியில் வக்கீல்கள் விட்டுப்போன நோட்டு. வக்கீல் கிளாரன்ஸ் ஜோன்ஸ் மறைத்து வெளியே எடுத்துப்போனார். வெளியில் கிங்கின் உதவியாளர் வயட் வாக்கர் உட்கார்ந்து அந்தக் கிறுக்கலைப் படித்துச் சொல்லச் சொல்லத் தட்டச்சானது. கடிதத்தில் உள்ள தேதி ஏப்ரல் 16. வெளியே வந்த பிறகு திருத்தம் நடந்தது, 1964இல் அவருடைய புத்தகத்தில் சேர்த்தபோது இன்னும் கொஞ்சம்.

இருட்டறையில் ஒரே மூச்சில் கொட்டியது என்று பரவசப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கொட்டியதுதான். அப்புறம் சலித்ததும் நடந்தது.

மேற்கோள்களை யாருக்காகத் தேர்ந்தெடுத்தார் என்று பார்த்தால் சுவையாக இருக்கும். வெளியூர்க்காரன் என்கிறீர்களா? பவுல் அப்போஸ்தலன் எந்த ஊர்க்காரர்? ஊர் ஊராகத்தானே போனார்? அநியாயச் சட்டம் சட்டமே அல்ல என்பதற்குக் கிறிஸ்தவ ஞானி அகஸ்டின், அதை விளக்க அக்குவைனஸ். கத்தோலிக்க ஆயர் எப்படித் தட்டுவார்? ரபிக்கு யூதத் தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர். மதமே வேண்டாம் என்கிற அமெரிக்கனுக்கு, பிரிட்டிஷ் வரியை எதிர்த்து நடந்த பாஸ்டன் தேநீர் கலகம். ஹிட்லர் செய்ததெல்லாம் அவன் நாட்டுச் சட்டப்படி சரிதான், கம்யூனிச ஆட்சியிலிருந்த ஹங்கேரியில் விடுதலைக்குப் போராடியவர்கள் செய்ததுதான் சட்டவிரோதம் என்ற வரி கம்யூனிசத்தைக் கண்டால் பதறும் அன்றைய வாசகனுக்கு. காந்தி பெயரைக்கூட அங்கே பெரிதாக இழுக்கவில்லை. 1959இல் இந்தியாவுக்கு வந்து நெகிழ்ந்து போனவர்தான், ஆனாலும் அந்த எட்டுப் பேரிடம் காந்தி செல்லாது என்று தெரிந்திருக்கிறது. அவரவர் அலமாரியில் இருக்கும் புத்தகத்தையே எடுத்து அவரவர் முன்னால் வைக்கிறார்.

ஜூன் 4, இரவு

கேள்வி கேட்டவர், "சரி, புத்திசாலித்தனம். ஆனால் உணர்ச்சியைக் கிளறும் பகுதியும் இருக்கிறதே" என்கிறார். இருக்கிறது. அந்த நீண்ட வாக்கியத்தைச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் முந்நூறு சொல்லுக்கு மேல், ஒரே வாக்கியம். பிரிவினையின் வலி தெரியாதவர்களுக்குப் 'பொறுங்கள்' என்று சொல்வது எளிது என்ற வரிக்கு அடுத்து வந்து அடுக்கிக்கொண்டே போகிறது. கும்பல் உங்கள் தாய் தந்தையைக் கொல்வதைப் பார்க்கும்போது, போலீஸ்காரன் உங்கள் சகோதரனை உதைப்பதைப் பார்க்கும்போது, டிவியில் விளம்பரம் வந்த பொழுதுபோக்குப் பூங்காவுக்கு உன்னை விடமாட்டார்கள் என்று ஆறு வயது மகளிடம் சொல்ல நாக்குக் குழறும்போது, நீண்ட பயணத்தில் எந்த விடுதியும் இடம் தராமல் ராத்திரி ராத்திரியாகக் காருக்குள் தூங்கும்போது, உங்கள் மனைவிக்கும் தாய்க்கும் 'மிசஸ்' என்ற மரியாதை அடைமொழி ஒருநாளும் கிடைக்காதபோது. எல்லாம் முடிந்த பிறகுதான், அப்போது உங்களுக்குப் புரியும், எங்களால் ஏன் காத்திருக்க முடியவில்லை என்று.

இங்கே உணர்ச்சியைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வாசகனைக் காக்க வைப்பது. முற்றுப்புள்ளி வராதா என்று கண் தேடுகிறது. ஒரு பக்கத்தை முடிக்கவே பொறுமை இல்லாதவர் முந்நூற்று நாற்பது வருடமாக உரிமைக்குக் காத்திருந்தவர்களுக்குப் பொறுமையைப் பற்றி அறிவுரை சொல்கிறார். அந்தக் கூச்சத்தை உண்டாக்கத்தான் அத்தனை நீளம்.

கடைசிப் பகுதியில் மரியாதைச் சொல்லைப் பற்றிய வரி வருவதைக் கவனியுங்கள். கொலையில் ஆரம்பித்த பட்டியல் அழைக்கும் விதம் வரை இறங்கி வருகிறது. ஏறிக்கொண்டே போவதுதான் மேடைப் பேச்சின் வழக்கம். இவர் இறங்கி வருகிறார், காரணம் கொலையை அந்த எட்டுப் பேரும் கண்டிப்பார்கள். பேர் சொல்லிக் கூப்பிடுவதை அவர்கள் வீட்டிலேயே செய்திருப்பார்கள்.

ஜூன் 5

"இவ்வளவு நீளமாகவா ஒருவர் கடிதம் எழுதுவார்" என்று கேலி செய்த நண்பருக்கு: கிங்கே அந்தக் கேலியைச் செய்துவிட்டார். வசதியான மேஜையில் எழுதியிருந்தால் சுருக்கியிருப்பேன், குறுகலான அறையில் தனியாக அடைபட்டவன் நீண்ட கடிதம் எழுதாமல் வேறென்ன செய்வான் என்கிறார். உங்கள் பின்னூட்டங்களின் நீளத்துக்கு என்ன காரணம் சொல்லப் போகிறீர்கள்?

ஜூன் 6

மிதவாதி விஷயத்துக்கு நான் ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், சொந்தப் பாடம் ஒன்று உண்டு.

கல்லூரி விடுதியில் மெஸ் கட்டணத்தை நடு வருடத்தில் ஏற்றினார்கள். நாங்கள் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தோம். துண்டறிக்கை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. வார்டனுக்கு எழுதினேன். "தங்கள் நெஞ்சில் ஈரம் இல்லையா" ரகம். சீனியர் ஒருவர் வாங்கிப் படித்துவிட்டு மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். "வார்டனுக்கு ஏன்டா எழுதுற? அவருக்குச் சம்பளம் நிர்வாகம் கொடுக்குது. தினமும் வீட்டிலிருந்து வர்ற பசங்களுக்கு எழுது. அவனுங்கதான் நம்மைத் தாண்டி கிளாஸுக்குப் போறானுங்க" என்றார்.

மறுநாள் அறிக்கையில் ஈரமும் இல்லை நெஞ்சும் இல்லை. பழைய கட்டணம், புதுக் கட்டணம், அடுத்து பஸ் கட்டணம் ஏறப்போகிறது என்று அலுவலகத்தில் பேச்சு. அவ்வளவுதான். மதியத்துக்குள் வகுப்புகள் காலி. கட்டணம் பாதி இறங்கியது. முழுசும் இறங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது வெற்றிக்கதை என்பீர்கள்.

பஸ் கட்டணப் பேச்சு உண்மையா என்று நாங்கள் யாரும் போய் விசாரிக்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது. அந்த உறுத்தலைப் பற்றித்தான் அடுத்து எழுத வேண்டும், இப்போது வேலைக்குப் போகிறேன்.

ஜூன் 6, நள்ளிரவு

உறுத்தல் இதுதான். அகிம்சைக்காக வாதிடும் நல்ல எழுத்து எதை எடுத்தாலும், எங்கோ ஓர் இடத்தில் ஒரு பயமுறுத்தல் உட்கார்ந்திருக்கிறது. பேசுகிறவர் பயமுறுத்துவதில்லை. பின்னால் நிற்கும் இன்னொருவரைக் கை காட்டுகிறார்.

பர்மிங்ஹாம் கடிதத்தில் அந்த இடம் நடுவில் வருகிறது. என்னைத் தீவிரவாதி என்கிறீர்கள், ஆனால் நான் இரண்டு சக்திகளுக்கு நடுவில் நிற்கிறேன் என்கிறார். ஒரு பக்கம் ஓய்ந்துபோய் அடங்கிவிட்டவர்கள். மறுபக்கம் கசப்பும் வெறுப்பும், எலிஜா முகமதுவின் கறுப்பின முஸ்லிம் இயக்கம். அகிம்சை மட்டும் வந்திருக்காவிட்டால் தென்மாநிலத் தெருக்களில் இந்நேரம் ரத்தம் ஓடியிருக்கும். அடக்கிவைத்த உணர்ச்சிக்கு வழிவிடாவிட்டால் அது வன்முறையில் வழி தேடும். அடுத்த வரி: இது மிரட்டல் அல்ல, வரலாற்று உண்மை.

மிரட்டல் இல்லாத இடத்தில் 'மிரட்டல் அல்ல' என்று சொல்லத் தேவை இருக்காது. ஆக, கேள்வி கேட்டவரே, உங்கள் குற்றச்சாட்டைத் தலைகீழாகத் திருப்பித் தருகிறேன். கடிதத்தின் குறை கெஞ்சல் என்றீர்கள். எனக்குத் தோன்றும் சங்கடம், அது கெஞ்சவே இல்லை என்பது. என்னோடு பேசு, இல்லாவிட்டால் அவரோடு பேச வேண்டியிருக்கும் என்கிறது.

அந்த இயக்கத்தின் பேச்சாளர் மால்கம் எக்ஸ் அகிம்சையை எவ்வளவு காய்ச்சினாலும், கிங்கின் வாதத்துக்கு அவர் தேவைப்பட்டார்.

ஜூன் 7

ஒருவர் "காந்தி இப்படியெல்லாம் பேசமாட்டார், அவர் வழி தூய்மை" என்று எழுதியிருக்கிறார். சரி, 1930 மார்ச் 2 தேதியிட்டு வைஸ்ராய் இர்வின் பிரபுவுக்கு அவர் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்வோம். உப்புச் சட்டத்தை மீறப்போகிறேன் என்று முன்கூட்டியே சொன்ன கடிதம். ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற இளம் ஆங்கிலேயர் கையில் கொடுத்தனுப்பினார். யார் கையில் கொடுத்தனுப்புகிறார் என்பதே ஒரு வாதம்.

"அன்பு நண்பரே" என்று ஆரம்பிக்கிறது. உடனே கணக்கு. உங்கள் சம்பளம் மாதம் 21,000 ரூபாய், நாளுக்கு 700க்கு மேல். இந்தியனின் சராசரி வருமானம் நாளுக்கு இரண்டணாவுக்கும் குறைவு. அதாவது ஐயாயிரம் மடங்குக்கு மேல். உங்கள் நாட்டுப் பிரதமரோ அந்நாட்டுச் சராசரியைப்போல் தொண்ணூறு மடங்குதான் வாங்குகிறார். இதைச் சொல்லிவிட்டு, உங்கள் மனதைப் புண்படுத்த விரும்பவில்லை, உங்களுக்கு இந்தச் சம்பளம் தேவைப்படாது, ஒருவேளை முழுவதும் தர்மத்துக்கே போகலாம், ஆனால் இப்படி ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கும் ஆட்சிமுறையைத் தூக்கி எறிய வேண்டும் என்கிறார். மனிதருக்கு மரியாதை, முறைக்குக் குழி. இவ்வளவு பணிவாக ஒருவரைத் திட்ட எனக்கும் ஆசை.

அதே கடிதத்தில், வன்முறைக் கட்சி வளர்ந்து வருகிறது, நான் தொடங்கப்போவது ஆட்சியின் வன்முறைக்கும் அந்தக் கட்சியின் வன்முறைக்கும் சேர்த்துத் தடை என்கிறார். இப்போது முடிவுக்கு வாருங்கள்: இந்தக் கடிதம் எந்த விதத்திலும் மிரட்டலாக எழுதப்பட்டதல்ல, சத்தியாக்கிரகியின் கடமை.

முப்பத்து மூன்று வருட இடைவெளி, இரண்டு கண்டம், ஒரே மறுப்பு. கிங் காந்தியிடமிருந்து எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. இந்த வாதத்தைக் கட்டுகிற யாரும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாக வேண்டியிருக்கிறது என்று படுகிறது.

ஜூன் 7, சற்று நேரத்துக்குப் பின்

சட்டம் மீறப்படும், பொது அமைதிக்கு ஆபத்து, வருந்துகிறோம் என்று வைஸ்ராயின் செயலாளர் சுருக்கமாகப் பதில் அனுப்பினார். மண்டியிட்டு ரொட்டி கேட்டேன், கல் கிடைத்தது என்றார் காந்தி. பைபிள் வரியை வெள்ளைக்காரனுக்கே திருப்பிக் கொடுத்தார். அலமாரி உத்தி அங்கேயும் உண்டு, ஜூன் 4 குறிப்போடு சேர்த்துப் படிக்கவும்.

ஜூன் 9

பூனா ஒப்பந்தத்தை இழுத்த நண்பருக்கு நன்றி. இதை நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

1932 ஆகஸ்டில் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு, அவர்கள் மட்டுமே ஓட்டுப் போடும் தனித்தொகுதி அறிவிக்கப்படுகிறது. செப்டம்பர் 20 அன்று எரவாடா சிறையில் காந்தி சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்குகிறார். 24ஆம் தேதி அம்பேத்கர் கையெழுத்திடுகிறார். தனித்தொகுதி போய், பொதுத்தொகுதியில் 148 ஒதுக்கீட்டு இடங்கள் என்று முடிந்தது. எண்ணிக்கை முன்பைவிடக் கூடியது என்று இங்கே ஒருவர் சமாதானம் சொல்கிறார். கேட்டது எண்ணிக்கை அல்லவே, யார் ஓட்டில் ஜெயிப்பது என்பதல்லவா?

உண்ணாவிரதம் மன்றாட்டு அல்ல, வற்புறுத்தல் என்பது அம்பேத்கரின் நிலை. காந்தி இறந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். கோபம் எந்தத் தெருவில் இறங்கியிருக்கும்? வைஸ்ராய் மாளிகைக்குப் போயிருக்காது. ஊருக்கு வெளியே இருக்கும் சேரிக்குத்தான் போயிருக்கும். அங்கேயும் யாரும் மிரட்டவில்லை. அங்கேயும் பின்னால் ஒரு கூட்டம் நின்றது.

ஆகவே ஜூன் 6 நள்ளிரவு எழுதியதை அப்படியே விடமாட்டேன், கொஞ்சம் இறுக்குகிறேன். பயமுறுத்தல் பின்னால் நிற்பதைக் கண்டு நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. அது விழுந்தால் யார் தலையில் விழும் என்று கேட்டால் போதும். இர்வின் கடிதத்தில் அது ஆளுகிறவன் மேல் விழுகிறது. பர்மிங்ஹாமில் வசதியாக ஒதுங்கி நின்றவன் மேல். பூனாவில் ஏற்கெனவே அடிபட்டவன் மேல். மூன்றும் அகிம்சைதான், மூன்றிலும் சொற்கள் கண்ணியமானவை. பூனாவை மற்ற இரண்டோடு ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை.

"அப்படியானால் காந்தியை நிராகரிக்கிறீர்களா?" அடடா, ஒரு கடிதத்தைப் பாராட்டி ஓர் உண்ணாவிரதத்தைக் குறை சொல்ல ஒரே ஆளுக்கு உரிமை கிடையாதா?

ஜூன் 10

"கடிதம் ஜெயித்ததா?" என்பதற்கு: பர்மிங்ஹாமில் அந்த வாரம் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளூர்ப் பத்திரிகைகள் கண்டுகொள்ளவில்லை. மே மாதம் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் துண்டுப் பிரசுரமாகப் போட்டார்கள், ஜூனில் இதழ்களில் பரவியது. அதற்குள் மே 2, 3 தேதிகளில் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்க, கானரின் தண்ணீர்க் குழாயும் நாய்களும் உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்குப் போய்விட்டன. மே 10 உடன்பாடு அந்தப் படங்களாலும், கடைவீதியில் கறுப்பின மக்கள் எதுவும் வாங்காமல் நிறுத்தியதாலும் வந்தது. படம் முன்னால் போயிற்று, விளக்கவுரை பின்னால் வந்தது.

முந்தைய வருடம் ஜார்ஜியாவின் ஆல்பனியில் இதே கிங், இதே அகிம்சை, தோற்றார். அங்கே போலீஸ் தலைவர் லாரி பிரிட்செட் விவரமானவர். காமிரா முன் யாரையும் அடிக்கவில்லை. பக்கத்து மாவட்டச் சிறைகளில் எல்லாம் முன்பதிவு செய்ததுபோல் இடம் பிடித்து வைத்துக்கொண்டு மரியாதையாகக் கைது செய்துகொண்டே இருந்தார். ஓரமாக நிற்கிறவரை உலுக்க அங்கே ஒரு காட்சியும் கிடைக்கவில்லை. பர்மிங்ஹாமுக்குப் போனதே கானர் இருக்கிறார் என்பதால்தான் என்று சொல்வோர் உண்டு. முழுக்கத் தவறில்லை. உள்ளூர்க் கறுப்பினப் போதகர் ஷட்டில்ஸ்வொர்த் அங்கே பல வருடமாக அடிவாங்கிப் போராடிக்கொண்டிருந்தார், அவர்தான் அழைத்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

பிள்ளைகளைத் தெருவில் இறக்கியது சரியா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. எனக்கே தெளிவில்லை. மால்கம் எக்ஸ் அதைக் கடுமையாகத் தாக்கினார், அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. செப்டம்பரில் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள் என்பது வேறு.

ஜூன் 12

வக்கீல் நண்பர் தனிச்செய்தியில் கேட்டதை இங்கேயே எழுதுகிறேன். கடிதத்தில் சட்டரீதியாகப் பலவீனமான இடம் உண்டா?

உண்டு. ஊர்வலம் போகக் கூடாது என்று ஏப்ரல் 10 அன்று மாநில நீதிமன்றம் ஒரு தடையுத்தரவு போட்டிருந்தது. கிங் மீறியது அதையும்தான். கடிதமோ அனுமதியில்லாமல் ஊர்வலம் போனதற்காகக் கைதானேன் என்று நகரச் சட்டத்தைப் பற்றி மட்டும் பேசுகிறது. எழுத்தளவில் சரியான சட்டமும் பிரிவினையைக் காக்கப் பயன்படும்போது அநியாயமாகிவிடும் என்கிறார். நல்ல வாதம். நீதிபதியின் உத்தரவைப் பற்றிய கேள்விக்கு அது பதில் அல்ல. கோர்ட்டுக்குப் போ என்று சொன்ன எட்டுப் பேரிடம், கோர்ட் உத்தரவை மீறிவிட்டு வந்திருக்கிறேன் என்று தானாக ஆரம்பிக்க எந்த நல்ல வாதியும் விரும்பமாட்டான்.

அந்த இடத்திலேயே பிடித்தார்கள். 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில், தடையுத்தரவு தவறென்றால் முதலில் அதை எதிர்த்து வழக்காடியிருக்க வேண்டும், மீறியிருக்கக் கூடாது என்று தண்டனையை உறுதி செய்தது. நோபல் பரிசு வாங்கிய கிங் அந்த அக்டோபரில் மறுபடியும் அலபாமாவில் சிறைக்குப் போனார். 1969இல் ஷட்டில்ஸ்வொர்த் வழக்கில் அதே நீதிமன்றம், அந்த ஊர்வலச் சட்டத்தை நகரம் பயன்படுத்திய விதமே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று அவர் தண்டனையை ரத்து செய்தது. 1967 தீர்ப்பையும் 1969 தீர்ப்பையும் எழுதியவர் ஒரே நீதிபதி, பாட்டர் ஸ்டூவர்ட்.

இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் படித்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். பூனா பற்றிய சண்டையை அந்தத் தனி இழையில் தொடரலாம், அங்கே ஏற்கெனவே நாற்காலிகள் பறக்கின்றன.